பட்டமும் தராதரமும்: ஈழத்துப் பொறியியல், புவிச்சரிதவியற் கல்வி வரலாற்றில் ஒரு கூறு

அம்பாறை மாவட்டத்தில் இறக்காமக் குளத்தை அண்டிக் கிடக்கும் ஊர்களுள் வரிப்பத்தான்சேனையும் ஒன்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் உழவர் பெருமக்கள் வாழும் இவ்வூர், காடு வெட்டிச் சுட்டுப் பயிரிட்ட பழைய சேனைத் தொழிலின் நினைவைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. கிழக்கே சம்மாந்துறை, கல்முனை, நிந்தவூர், ஒலுவில் முதலாய ஊர்கள். மேற்கே இங்கினியாகலை அணை. இடையே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். வயல்வெளியின் நடுவே ஆங்காங்கு தலைதூக்கி நிற்கும் பாறைகள், புவிச்சரிதவியலார் விஜயன் தொகுதி என வழங்கும் மிகத் தொன்மையான நைசுப் பாறைகளாம். மலையை நம்பிய அணையினாலும் அணை அனுப்பும் நீரினாலும் உயிர்வாழும் நாட்டுப்புறத்தார்க்கு, அணை கட்டியவரும் பாறையை ஆய்ந்தவரும் எங்குக் கற்றனர், அவர்தம் கல்வியின் தகுதியை உறுதிப்படுத்தியவர் யாவர் என்னும் வினா வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று.

கல்வியின் தகுதியை அளப்பதற்கு இருவகை நெறிகள் உலகில் வழங்கிவந்துள்ளன. மாணவனைச் சோதித்தறிதல் ஒன்று. மாணவனைப் பயிற்றும் கல்விச்சாலையையே சோதித்தறிதல் மற்றொன்று. இலங்கை முதலில் அறிந்தது முன்னதையே. இலண்டன் சர்வகலாசாலை 1858ஆம் ஆண்டு தன் பட்டப் பரீட்சைகளை எங்கிருந்து கற்றோர்க்கும் திறந்துவிட்டது. மாணவன் எந்தக் கல்லூரியிற் பயின்றான், ஆய்வுகூடம் இருந்ததா, ஆசிரியர் எத்தனை பேர் என்பனவற்றை அப்பரீட்சை பொருட்படுத்தவில்லை. விடைத்தாள் ஒன்றே அளவுகோல். 1921இல் தோன்றிய கொழும்புச் சர்வகலாசாலைக் கல்லூரி தனக்கெனப் பட்டம் வழங்கும் உரிமையின்றி இலண்டன் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1893இல் மருதானையில் நிறுவப்பெற்றுப் பின்னர் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி எனப் பெயர் பெற்ற கலைக்கூடமும், பொறியியலில் உயர்தகுதி நாடியோரை அவ்வழியே செலுத்திற்று. இம்முறையால் விளைந்த நன்மையை மறுத்தற்கில்லை. இலண்டன் பட்டம் பெற்ற இலங்கையன் எங்குச் சென்றாலும் அவனது தகுதியை எவரும் ஐயுற்றிலர். ஆயின் எதனைக் கற்பிக்க வேண்டும் என்பதை இலண்டனே வரையறுத்தது. தேம்ஸ் நதிக்கரையில் வகுத்த பாடத்திட்டம் குளங்களையும் வாய்க்கால்களையும் எண்ணி வகுக்கப்பட்டதாகாது.

இம்முரணைத் தம் வாழ்விலேயே தாங்கிய ஒருவர் ஆனந்த குமாரசுவாமி ஆவர். கலைத் திறனாய்வாளராக உலகம் போற்றும் அப்பெரியார் பயிற்சியால் ஒரு புவிச்சரிதவியலாளர் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். இலண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று முதல் வகுப்பிற் தேறிய அவர், 1903இல் தொடங்கிய இலங்கைக் கனிப்பொருளளவைப் பகுதியின் முதற் பணிப்பாளராக அமர்ந்து, கண்டி நாட்டு மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் நடந்தே அளந்தார். பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்துப் பின்னர்த் தோரியனைட்டு எனப் பெயர் சூட்டப்பெற்ற கனிப்பொருள் 1904இல் அறிவியலுலகிற்கு அறிமுகமான வரலாற்றில் அவர்க்கும் இடமுண்டு. இவ்வாராய்ச்சிகளுக்காக 1906ஆம் ஆண்டளவில் இலண்டன் சர்வகலாசாலை அவரை அறிவியற் கலாநிதியாக்கிற்று. அதே 1906இல், சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோருடன் சேர்ந்து, இலங்கைக்கெனத் தனிச் சர்வகலாசாலை வேண்டும் என்னும் இயக்கத்தில் அவர் முன்னின்றார். இலண்டன் தந்த மிக உயர்ந்த பட்டத்தைக் கையிற் கொண்டவரே இலண்டனின் கைப்பிடியை விட வேண்டுமென வாதித்தமை கருதத்தக்கது. பட்டம் கிட்டாமையால் எழுந்த கசப்பு என எவரும் அதனைப் புறந்தள்ள முடியவில்லை.

அவ்வியக்கம் பலன்தர முப்பத்தாறு ஆண்டுகள் சென்றன. 1942 யூலை முதலாந் திகதி இலங்கைச் சர்வகலாசாலை, சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் உதயமாயிற்று. பொறியியற் பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் கழித்தே பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. பேராசிரியர் ஈ.ஓ.ஈ. பெரேரா முதலியோர் வளர்த்த அப்பீடத்தின் பட்டம் இனி இலங்கையின் சொந்தப் பட்டம். ஆனால் சொந்தப் பட்டம் என்றவுடன் புதியதொரு தொல்லையும் உடன் வந்தது. இலண்டன் முத்திரை இல்லாத பட்டத்தைப் பிறர் ஏற்பரோ? பிரித்தானியப் பொறியியலாளர் நிறுவகங்கள் தாம் ஒப்புக்கொண்ட பட்டம் பெற்றோர்க்குத் தம் பரீட்சைகளிலிருந்து விலக்களிக்கும் வழக்கமுடையன. ஆகவே சுதந்திர நாடுகளின் சர்வகலாசாலைகளும் அவ்விலக்கை நாடி அந்நிறுவகங்களின் வாயிலில் நிற்கலாயின. அரசியல் விடுதலை 1948இல் வந்தது. பட்டத்தின் விடுதலை அத்துணை எளிதில் வரவில்லை.

இங்ஙனமிருக்க, அமெரிக்காவில் இரண்டாவது நெறி உருப்பெற்றது. அதற்குப் பின்னணியாய் அமைந்த துயரங்களுள் ஒன்றை இங்கு விரித்துரைத்தல் தகும். அணையை நம்பி வாழும் எந்நாட்டார்க்கும் அது பாடமாகும். லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு நீர் கொணர்ந்து பெரும்புகழ் ஈட்டிய வில்லியம் முல்ஹோலண்ட் கல்லூரி வாயிலை மிதியாதவர். வாய்க்காற் கூலியாளாகத் தொடங்கித் தாமே நூல்களைக் கற்றுத் தலைமைப் பொறியியலாளராக உயர்ந்தவர். அவருடைய மேற்பார்வையில் எழுந்த சென் பிரான்சிஸ் அணை 1928 மார்ச் 12ஆந் திகதி நள்ளிரவை அண்டி உடைந்தது. உடைவதற்குப் பன்னிரண்டு மணி நேரத்தின் முன்னர் அவரே நேரில் வந்து கசிவைப் பார்வையிட்டு, அஞ்ச வேண்டுவதில்லை எனக் கூறிச் சென்றிருந்தார். நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கட்டுமானத்தைவிடப் பாறையே பெரும்பிழையாயிற்று எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஒரு கரையில் அடுக்கடுக்காய் வழுக்கும் தகட்டுப் பாறை. அது பண்டை நிலச்சரிவொன்றின் எச்சம். மறுகரையில் நீர்பட்டால் இளகும் உருள்திரட்பாறை. பாறையைப் படித்தறிந்தவர் ஒருவரைக் கேட்டிருப்பின் அவ்விடத்தில் அணை எழுந்திராது. அடுத்த ஆண்டே, 1929இல், கலிபோர்னியா மாநிலம் குடிசார் பொறியியலாளரைப் பதிவுசெய்யும் சட்டத்தை இயற்றிற்று.

பதிவுசெய்வதென்றால் யாருடைய பட்டத்தை ஏற்பது என்னும் வினா உடனெழுந்தது. அதற்கு விடையாக 1932இல் அமெரிக்கப் பொறியியற் சங்கங்கள் கூடி, தொழில்வளர்ச்சிக்கான பொறியியலாளர் மன்றம் ஒன்றை நிறுவின. 1936 முதல் அம்மன்றம் கல்லூரி கல்லூரியாகச் சென்று, பாடநெறி பாடநெறியாக ஆராய்ந்து, தகுதியுடையனவற்றின் பட்டியலை வெளியிட்டது. இன்று ஏபெற் என்னும் பெயரால் வழங்குவது அம்மன்றமே. அதன் தீர்ப்பு பாடநெறிக்கே உரியது. சர்வகலாசாலை எவ்வளவு கீர்த்தி வாய்ந்ததாயினும், அதன் பொறியியற் பிரிவு ஒன்று தகுதி பெற்று மற்றொன்று பெறாதிருத்தல் கூடும். பெரும்பெயருக்குத் தலைவணங்கும் இயல்பினரான நம்மவர்க்கு இக்கருத்து இன்றும் எளிதிற் பிடிபடுவதில்லை.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றியபோது, இங்கினியாகலையில் அணை கட்ட வந்தது மொறிசன் நுட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம். ஏறக்குறைய 770,000 ஏக்கரடி நீர் கொள்ளும் சேனநாயக்க சமுத்திரம் அவ்வாறே உருவாயிற்று. இலங்கையின் சொந்தப் பொறியியற் பீடம் கொழும்பில் முதல் மாணவரைச் சேர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கினியாகலையிற் பாறை பிளக்கப்பட்டுக்கொண்டிருந்தது. உள்ளூர்ப் பட்டதாரி பிறக்குமுன்னரே வெளியூரான் அணையை முடித்துவிட்டான் எனலாம். எனினும் அத்திட்டம் ஒரு கல்வி விதையையும் அம்பாறையில் ஊன்றிச் சென்றது. 1950களில் ஆங்குத் தோன்றிய ஹாடி தொழில்நுட்ப நிறுவகம் இயந்திரம் இயக்குவோரையும் இடைநிலைத் தொழில்நுட்பவியலாளரையும் பயிற்றிற்று. அந்நிறுவகம் இன்று, 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின்வழி அமைந்த உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின்கீழ், உயர் தேசிய டிப்ளோமா வழங்குகிறது. சம்மாந்துறையிலும் அவ்வகை நிறுவகம் ஒன்றுண்டு. பட்டத்தின் தராதரம் பற்றிப் பேசுவோர் டிப்ளோமாவை மறந்துபோவது வழக்கம். வயற்புறத்துக் குடும்பத்தில் முதன்முதல் தொழில்நுட்பம் கற்கும் பிள்ளை பெரும்பாலும் அவ்வாயிலினூடாகவே நுழைகிறது என்பதை எண்ணின் அம்மறதி பொறுக்கத்தக்கதன்று.

1906இல் இலங்கைப் பொறியியற் சங்கம் என்னும் பெயரிற் தொடங்கி, 1956இல் மறுவுருப் பெற்று, 1968ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பெற்ற பொறியியலாளர் நிறுவகமே ஈழத்தில் இரண்டாவது நெறியைக் கையேற்றது. இலண்டனை நோக்கி நின்ற முகம் மெல்ல மெல்லத் திரும்பிற்று. 1989இல் அவுஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, ஐக்கிய இராச்சியம், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் வொஷிங்டன் உடன்படிக்கை என்னும் ஒப்பந்தத்தைச் செய்திருந்தன. ஒருவர் ஆராய்ந்து ஏற்ற பாடநெறியை மற்றவரும் ஏற்றல் என்பதே அதன் சாரம். 2014 யூனில் இலங்கை நிறுவகம் அதன் முழு உறுப்பினராயிற்று. இந்தியாவின் தேசியத் தராதர சபையும் அதே மாதத்திலேயே முழு உறுப்புரிமை பெற்றது.

இவ்வாராய்வு நடைபெறும் முறையை மாணவர் அறிந்திருத்தல் நன்று. முதலில் துறையினர் தம்மைத் தாமே ஆராய்ந்து அறிக்கை எழுதல் வேண்டும். பின்னர் வருகைக்குழு வந்து ஆய்வுகூடத்தைப் பார்க்கும். வினாத்தாள்களையும் விடைத்தாள்களையும், மிகச் சிறந்தனவற்றை மட்டுமன்றி, மயிரிழையிற் தேறியவற்றையும் எடுத்து நோக்கும். ஆசிரியர் இல்லாத அறையில் மாணவரோடு உரையாடும். மயிரிழையிற் தேறியவனது விடைத்தாளே உண்மையான சாட்சி. பாடநெறியின் தராதரம் அதன் முதல் மாணவனாற் புலப்படுவதன்று, கடைசி மாணவனாற் புலப்படுவது. எவ்வளவு கற்பித்தனர் என்பதினும் மாணவன் முடிவில் எதனைச் செய்ய வல்லனாயினான் என்பதே இக்காலத்தில் வினவப்படுகிறது. இதில் ஒரு குறையும் உண்டு. அறிக்கை எழுதும் சுமை ஆசிரியரின் காலத்தைத் தின்கிறது. அழகாக எழுதத் தெரிந்த துறை, நன்றாகக் கற்பிக்கத் தெரிந்த துறையை முந்திவிடுதலும் நிகழக்கூடும்.

ஈழத்தில் உயர்கல்வி பற்றிய பெருவழக்கு இத்திசையில் எழவில்லை என்பதையும் நோக்குக. 1970இன் பின் தரப்படுத்தல் என்னும் சொல் தமிழ் இல்லங்களிற் கசந்த சொல்லாயிற்று. பேராதனைப் பொறியியற் பீடத்திற்குச் சிங்கள மொழிவழி மாணவர்க்கு 227 புள்ளியும் தமிழ்மொழிவழி மாணவர்க்கு 250 புள்ளியும் வேண்டப்பட்டமை எவரும் மறவாத செய்தி. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்தாரை வருத்த, அம்பாறை போன்ற பின்தங்கிய மாவட்டத்துத் தமிழ், முஸ்லிம் மாணவர் சிலர்க்கு அதுவே கதவைத் திறந்ததெனவும் கூறுவர். நியாயம் எப்பக்கமாயினும், நுழைவாயிலைக் குறித்து வழக்காடிய அளவில் நூறிலொரு பங்கேனும் வெளிவாயிலைக் குறித்து நாம் வழக்காடினோமில்லை. உட்சென்றவன் என்ன கற்று வெளிவந்தான் என்னும் வினாவைப் பொறியியலாளர் நிறுவகத்தின் குழுவறைகளுக்கே விட்டுவிட்டோம்.

பொறியியலுக்கு வாய்த்த இவ்வேற்பாடு புவிச்சரிதவியலுக்கு வாய்க்கவில்லை. அமெரிக்காவில் புவிச்சரிதப் பொறியியல் நெடுங்காலமாகத் தராதர ஆய்வுக்கு உட்பட்டுவரப் புவிச்சரிதவியலோ தூய அறிவியல் என்னும் போர்வையுள் அதற்கு அப்பாலே நின்றது. பாடநெறியை ஆராயாது தனி ஆளையே பதிவுசெய்யும் வழியை மாநிலங்கள் கைக்கொண்டன. அரிசோனா 1956இலும், மலைச்சரிவில் வீடு கட்டி அல்லலுற்ற கலிபோர்னியா 1968இலும் புவிச்சரிதவியலாளர்க்கெனச் சட்டம் செய்தன. 1807இல் தோன்றிய இலண்டன் புவிச்சரிதவியற் சங்கம், 1991இல் தொழில்சார் நிறுவகத்தோடு இணைந்தபின், பட்டயப் புவிச்சரிதவியலாளர் என்னும் தகுதியை வழங்கிப் பட்டநெறிகளையும் ஆராய்ந்துவருகிறது. எனினும் வொஷிங்டன் உடன்படிக்கையை ஒத்த விரிவும் வலுவும் உடைய ஒப்பந்தம் பாறை பயில்வோர்க்கு இல்லை.

இலங்கையில் இப்பிரிவு இரு சர்வகலாசாலைகளின் வடிவிலேயே கண்கூடாகிறது. மொறட்டுவையிற் புவிவளப் பொறியியல் பொறியியற் பீடத்தில் உள்ளது. பொறியியலாளர் நிறுவகத்தின் ஆய்வு முறை அதன்மீது செல்லும். பேராதனையிற் புவிச்சரிதவியல் அறிவியற் பீடத்தைச் சேர்ந்தது. அதனை ஆராய்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர உறுதிப்பாட்டு மீளாய்வு. இரண்டும் ஆய்வுகளே. ஆனால் முதலாவது, பட்டதாரியைத் தொழிலுலகத்தின் பட்டியலிற் சேர்ப்பது. இரண்டாவது, துறைக்கு மதிப்பெண் இடுவது. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பொறியியற் பேரவை பட்டயப் பொறியியலாளர் முதல் தொழில்நுட்பவியலாளர் ஈறாகப் பல படியினரைப் பதிவுசெய்ய வகைசெய்தபோதும் புவிச்சரிதவியலாளர் அப்படிகளுள் ஒன்றினராக எண்ணப்படவில்லை.

இதனால் விளையும் இழப்பு ஏட்டளவில் நிற்பதன்று. சமனலவாவி அணையின் நீர்த்தேக்கத்தை நிரப்பும் முயற்சியில் 1992இல் வலக்கரை வழியே நீர் பீறிட்டது. குகைகளும் வெடிப்புகளும் பொதிந்த சுண்ணாம்புப் பாறையே ஏது. அக்கசிவு முற்றாக அடைபட்டதேயில்லை. 2014 அக்டோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தமிழரின் லயன்களை மூடிற்று. அவ்விடம் அபாயமானது எனக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னரே எச்சரித்திருந்தனர். பொறியியற் பட்டம் உலக ஒப்புதல் பெற்ற அதே ஆண்டில், பாறையை அறிந்தவர் சொல் தோட்டத்து லயன் வாயிலில் வலிமையற்றுப் போயிற்று. தராதரச் சான்று ஒன்றினாலேயே அச்சொல் வலிமை பெற்றிருக்கும் எனக் கூறுதல் மிகை. ஆயின் எவர் சொல்லைக் கேட்டே ஆகவேண்டும் எனச் சட்டம் வரையறுக்கவில்லையோ, அவர் சொல்லைக் கேளாதிருத்தல் எவர்க்கும் எளிதாகும்.

கிழக்குக் கரைக்கு மீள்வோம். 1990இன் கொடுமைகளின் பின் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திற் கல்வியைத் தொடர இயலாது போன முஸ்லிம் மாணவர்க்கென, எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995இல் அட்டாளைச்சேனையிற் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று தோன்றி, 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, ஒலுவிலில் நிலைபெற்றது. பிரயோக அறிவியற் பீடம் சம்மாந்துறையில் அமைந்தது. பொறியியற் பீடம் 2010களின் முற்பகுதியில் ஒலுவிலில் எழுந்தது. வரிப்பத்தான்சேனையிலிருந்து நாள்தோறும் சென்றுவரத்தக்க தொலைவில் ஒரு பொறியியற் பீடம் இருத்தல், இங்கினியாகலை அணை எழுந்த காலத்தில் எவரும் கனவிலும் கருதாதது.

எனினும் புதிய பீடத்தின் முதலணி மாணவர் ஏற்கும் துணிவை வரலாறு குறித்துவைத்தல் வேண்டும். முழுத் தராதர ஆய்வு என்பது முடிவை நோக்குவது. முடிவு காண வேண்டுமாயின் பட்டதாரிகள் வெளிவந்திருத்தல் வேண்டும். ஆதலால் எப்புதிய பாடநெறியிலும் முதலிற் சேர்பவன், தன் பட்டம் ஏற்கப்படுமோ ஏற்கப்படாதோ என்பதை அறியாமலே நான்கு ஆண்டுகளை அதன்மீது வைக்கிறான். பின்வருவோர் அனுபவிக்கும் ஒப்புதலுக்கு அவனது விடைத்தாளும் செயற்றிட்ட அறிக்கையுமே மூலதனம். பேராதனையின் 1950ஆம் ஆண்டு அணிக்கும் ஒலுவிலின் முதலணிக்கும் இவ்வகையில் வேறுபாடில்லை. ஒரு வேறுபாடு மாத்திரம் உண்டு. முன்னவர்க்கு இலண்டன் பரீட்சை என்னும் பழைய வழி பக்கத்திலேயே இருந்தது. பின்னவர்க்கு அத்தகைய மாற்றுவழி இல்லை.

ஒலுவிலில் 2008இல் தொடங்கி 2013இல் திறந்துவைக்கப்பெற்ற துறைமுகம் பல்கலைக்கழகத்திற்கு அண்மையிலேயே உள்ளது. அலைதடுப்பு மதில் கரையோரமாக ஓடும் மணலை மறித்ததால், ஒருபுறம் மணல் குவிய, மறுபுறம் ஒலுவில், நிந்தவூர்க் கரைகள் கடலுக்கு இரையாயின, தென்னந்தோப்புகள் அழிந்தன, துறைமுகவாயிலே மணலால் தூர்ந்தது. மணல் எத்திசையில், எந்தப் பருவத்தில், எவ்வளவு நகர்கிறது என்பது கரையோரப் பொறியியலுக்கும் புவிச்சரிதவியலுக்கும் பொதுவான வினா. ஒலுவிற் பொறியியல் மாணவர் அதனைத் தம் வகுப்பறைக்கு வெளியே நடந்துசென்றே காணலாம். அதன் மற்றைப் பாதியை, பாறையையும் மணலையும் அவற்றின் சரிதத்தையும், சிறப்புப் பாடமாகக் கற்க விழையும் வரிப்பத்தான்சேனை மாணவனோ மாணவியோ இன்னும் மலைநாடு கடந்து பேராதனைக்கே செல்லவேண்டியுள்ளது. அங்குப் பெறும் பட்டம் பொறியியலாளர் உடன்படிக்கையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.